சகலையின் பதினோராவது வாத்தியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பேருந்துப் பணிமனையின் கேன்டீன் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் டிக்கெட் ஆபீஸ் பெண்கள் இருவர், ஆளுக்கொரு புல்லாங்குழலோடு. அவர்களுக்கு அடுத்தது முதல் கிளாரினெட், அதாவது உதிரிபாக ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்; வாத்தியக் குழுவின் செயலாளரும் அவரே. அவருக்கு இடப்பக்கம் இரண்டாம் கிளாரினெட், டயர் பிரிவுக்காரர். வாசிக்காத நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா ரசிக்கிறாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ட்ராம்போனோடு ஒரு டிரைவர். அவர் குழாயை நீட்டினால் முன்னால் இருப்பவரின் பிடரியில் இடிக்கும் என்பதால் அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு நாற்காலி காலி. அவருக்குப் பக்கத்தில் கிரேன் ஓட்டுபவர். மடியில் ட்யூபா இருப்பதால் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். மூலையில் டிரம், வெல்டருடையது. எல்லோருக்கும் எதிரே, கையில் பென்சிலோடு நின்றவர் டைம் ஆபீஸ் அக்கா. பணிமனையில் யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதிப் பழகியவர். தாளம் தப்பினால் கண்ணாலேயே அபராதம் போட்டுவிடுவார்.

ஒன்பதாவது ஆளுக்குத் தனியாக இடம் கிடையாது. என்ன வாத்தியம் கொண்டு வருகிறாரோ அதற்கேற்ற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்றைக்கு ஆல்டோ சாக்ஸபோன். ஆகவே ட்யூபாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பணிமனையின் எலெக்ட்ரீஷியன். செயலாளரின் சகலை. வீட்டில் செயலாளர் மூத்தவர், இவர் சின்னவர். அந்தப் பேச்சு நாளடைவில் பணிமனைக்கும் வந்துவிட்டது.

வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு இவர்களுடைய வாசிப்பைப் பதிவு செய்யப் போகிறார்கள். யார் யார், எந்த வாத்தியம், எங்கே உட்காருவார்கள், தனியாக வாசிப்பவர் யார் என்று கேட்டு ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். மூத்தவர் அதை நான்கு தரம் படித்திருந்தார். தனியாக வாசிப்பவர் என்ற இடத்தில் யார் பெயர் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"கடைசி உருப்படியோட நடுப்பாட்டை மட்டும் இந்த தடவை கொஞ்சம் மாத்திப் பாக்கலாமா, செக்ரெட்டரி சார்?" என்றார் அக்கா.

"மாத்தறதுன்னா?"

"கிளாரினெட்டுக்குப் பதிலா சாக்ஸபோன். சின்னவர் வாசிக்கட்டும். ரேடியோவுல கேக்கறப்ப கனமா இருக்கும்."

டிரம் பக்கமிருந்து வெல்டர் குரல் கொடுத்தார். "விட்டுக் குடுங்க சார்! உங்க சகலைக்குத்தான் சகலமும் தெரியுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். டயர் பிரிவுக்காரர்கூடக் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அதுக்கென்ன, தாராளமா" என்றது மூத்தவரின் வாய். அவருடைய வயிறு அதைச் சொல்லவில்லை.

நடுப்பாட்டு என்பது முப்பத்திரண்டு தாளக்கட்டம். மற்ற வாத்தியங்கள் அடங்கி, ட்யூபா மட்டும் அடியில் முனக, கிளாரினெட் தனியாக நடந்து போகும் இடம். பத்தொன்பது வருஷமாக மூத்தவர்தான் அதை வாசித்து வந்தார். மற்ற நேரத்தில் பணிமனைக்கு அவர், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்து "ஃபாரம் எங்கே? கையெழுத்து எங்கே?" என்று கேட்கிற ஆள். ஒரு போல்ட் வாங்க வந்தவர்கூட அவர் முகத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார். அந்த முப்பத்திரண்டு கட்டத்தில் மட்டும் யாரும் சலித்துக்கொண்டதில்லை. அக்காகூடப் பென்சிலைத் தாழ்த்திவிடுவார். அவ்வளவுதான் அவருக்குச் சொத்து. அதைத்தான் தாராளமாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சின்னவர் மாடிக்குக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. மூத்தவரின் மனைவிக்குத் தங்கையைக் கட்டியவர். வந்த முதல் வாரம் மவுத் ஆர்கன். மூத்தவருக்கு அது பிடித்திருந்தது. சின்ன வாத்தியம், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். அடுத்தது மாண்டலின். அப்புறம் அக்கார்டியன், அதைக் கொடுத்து பாஞ்சோ, பாஞ்சோவை மாற்றி யுகுலேலி. ஒரு மாதம் ரெக்கார்டர். ஒரு மாதம் சைலஃபோன். மாடியிலிருந்து மரக்கட்டைச் சத்தம் உருண்டு உருண்டு படியிறங்கி வந்தது. புல்லாங்குழல், கொம்பு மாதிரி வளைந்த ஏதோ ஒன்று, ட்ரம்பெட். ஒவ்வொன்றும் கைக்கு வந்த பத்தாவது நாள் பேச ஆரம்பித்துவிடும். மூத்தவர் கிளாரினெட்டில் முதல் ஒழுங்கான சத்தத்தை வரவழைக்க எட்டு மாதம் பிடித்தது. அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

சாக்ஸபோன் பதினோராவது. அவர் எண்ணிக்கொண்டேதான் இருந்தார்.

"மனுஷன்னா கையில ஒரு கலை இருக்கணும்" என்று மனைவி ஒருநாள் கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏன், எனக்கு இல்லையா?"

"உங்களுக்கு இல்லைன்னு யார் சொன்னா? இருக்கு. ஒண்ணு."

அந்த 'ஒண்ணு' அவருக்கு மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

நடுப்பாட்டைச் சின்னவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. குழுவில் யாருக்கு எது வேண்டுமானாலும் செயலாளர்தான் கையால் படியெடுத்துக் கொடுப்பார், அப்படித்தான் வழக்கம். இதில் ஒரு சங்கதி உண்டு. கிளாரினெட்டுக்கு எழுதுகிற மாதிரி சாக்ஸபோனுக்கு எழுத முடியாது. இரண்டிலும் விரல் ஒரே மாதிரி விழுந்தாலும் சத்தம் வேறு உயரத்தில் வரும். ஆகவே ஒவ்வொரு ஸ்வரத்தையும் இடம் மாற்றி எழுத வேண்டும். மாற்றாமல் அப்படியே எழுதிக் கொடுத்தால், வாசிப்பவர் பாட்டுக்கு வாசிப்பார், பாட்டு மொத்தமும் சுருதி தப்பி, பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி கேட்கும்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்கேல், இரண்டு பேனா, ஒற்றுத்தாள். முதல் வரியை ஒழுங்காக மாற்றித்தான் எழுதினார். அப்போது மாடியில் சாக்ஸபோன் தொடங்கியது. ஏதோ ஒரு பழைய தாலாட்டு.

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. "எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க" என்றாள் மனைவி. "உங்களோடது கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, எழுதிய தாளைக் கசக்கினார். புதுத்தாள் எடுத்தார். தன்னுடைய கிளாரினெட் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளி பிசகாமல், ஒரு ஸ்வரத்தைக்கூட இடம் மாற்றாமல், அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் படியெடுத்தார். மேலே தலைப்பில் மட்டும் 'ஆல்டோ சாக்ஸபோன்' என்று போட்டு அடிக்கோடு இட்டார். யாராவது கேட்டால், அவசரத்தில் மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் எதையும் மறந்ததாகப் பணிமனையில் ஒருவருக்கும் நினைவில்லை. அது வேறு விஷயம்.

மறுநாள் காலை மாடிப்படியில் வைத்துக் கொடுத்தார். "ரொம்ப நன்றிண்ணா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் சின்னவர்.

அடுத்த ஞாயிறு. அதே கூடம், அதே ஒன்பது பேர். மூத்தவர் கிளாரினெட்டைத் துணியால் துடைத்தபடியே இருந்தார். கடைசி உருப்படி வந்தது. எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக இறங்கி, ட்யூபா மட்டும் நின்றது. அக்கா பென்சிலைச் சின்னவர் பக்கம் காட்டினார். மூத்தவர் முகத்தை ஒரு விதமாக, அதிர்ச்சியடையத் தயாராக, வைத்துக்கொண்டார்.

சாக்ஸபோன் சரியாக ஆரம்பித்தது.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்று. எல்லாம் இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தன. மூத்தவரின் தயாரான முகம் கலைந்தது. பார்க்கும்போதே மாற்றி வாசிக்கிறானா? தப்பாக எழுதிய தாளைக் கண்ணால் திருத்திக்கொண்டே போகிறானா? இந்த வித்தையும் தெரியுமா இவனுக்கு? பதினொன்று போதாதென்று பன்னிரண்டாவதாக இதுவுமா? வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே மேல்வயிற்றில் ஓர் இடத்தில் எரியும் என்பதை அப்போது தெரிந்துகொண்டார்.

பத்தொன்பதாவது கட்டம் வந்தது. அங்கிருந்து இருபத்திரண்டு வரை ஒரே மூச்சில் போக வேண்டும்; தாளில் அப்படித்தான். மூத்தவருக்கு என்றைக்குமே மூச்சு அவ்வளவு தூரம் எட்டியதில்லை. இருபதின் முடிவில் சத்தத்தை மெல்லத் தேய்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு மேலே போவார். சின்னவருக்கு நெஞ்சு துருத்தி மாதிரி. அவர் நாற்பது கட்டம்கூட ஒரே மூச்சில் வாசிப்பார். ஆனால் இருபதின் முடிவில் அவரும் சத்தத்தைத் தேய்த்தார். ஒரு வாய் காற்று வாங்கினார். மேலே போனார்.

மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது தன்னுடைய மூச்சு. வேறொருவன் நெஞ்சிலிருந்து வருகிறது. எட்டிப் பார்த்தார். சின்னவரின் ஸ்டாண்டில் இருந்த தாளில் முன்னால் நின்றது இரண்டாம் பக்கம். முதல் பக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. சின்னவர் தாளைத் திருப்பவே இல்லை; ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. சின்னவரின் கண் தாளின் மேல்தான் இருந்தது, தாளில் இல்லை.

வாசித்து முடிந்ததும் வெல்டர் டிரம்மின் விளிம்பைத் தட்டினார்.

"நல்லா இருக்கு" என்றார் அக்கா. "ஆனா இருபதுல ஒரு மூச்சு எடுத்தீங்களே, அது எதுக்கு? உங்களுக்கு மூச்சுப் பத்தாம இருக்காதே. பேப்பர்ல குறி போட்டிருக்கா? குடுங்க பாப்போம்."

அக்கா கையை நீட்டிக்கொண்டு இரண்டடி வைத்தார். அந்தத் தாளை அக்கா ஒரு பார்வை பார்த்தால் போதும். மூத்தவர் நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்து, முந்திக்கொண்டு தாளை எடுத்துவிட்டார்.

"நான்தான்... நான் பாக்கறேன். நான் எழுதினதுதானே. ஏதாவது தப்பா குறிச்சிருப்பேன்."

"அய்யோ, அண்ணா மேல தப்பு ஒண்ணும் இல்லக்கா" என்றார் சின்னவர், அவசரமாக. "நானா எடுத்த மூச்சுதான். அண்ணா அங்க எடுப்பாரு. அப்படியே பழகிடுச்சு."

"செக்ரெட்டரி சார் தப்பா எழுதினார்னு சொன்னா பணிமனையே இடிஞ்சு விழுந்துடும்" என்றார் ட்ராம்போன் டிரைவர். சிரிப்பில் அந்தப் பேச்சு அடங்கியது. மூத்தவர் தாளை நான்காக மடித்துக் கோப்புக்குள் வைத்து, கோப்பின் நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டார்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தார்கள். பழுதுக்கு வந்த பஸ்கள் வரிசையாக நின்ற முற்றத்தைக் கடக்கும்போது மூத்தவர் கேட்டார்.

"தம்பி, ரெண்டாம் பக்கம் முன்னாடி இருந்துச்சே?"

சின்னவர் சட்டென்று நின்றார். சாக்ஸபோன் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"எனக்கு நோட்ஸ் படிக்க வராதுண்ணா." ஒரு பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உக்காந்து பாத்திருக்கேன். புள்ளி எல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. காதுல விழுந்தா வந்துடும். நீங்க கீழ வாசிக்கறதை மாடியில இருந்து வருஷம் பூரா கேட்டதுதான், இன்னிக்கு வாசிச்சது."

"அப்ப இத்தனை வாத்தியம்?"

"அதுக்காகத்தான்." சின்னவர் சிரிக்கப் பார்த்தார். "புதுசா ஒண்ணைத் தூக்கிட்டுப் போனா, 'இப்பதானே எடுத்திருக்கார், பழகட்டும்'னு விட்டுடுவாங்க. ரெண்டு மாசம் ஆச்சுன்னா பேப்பரை நீட்டுவாங்க. அதுக்குள்ள அடுத்ததுக்கு மாறிடுவேன். மாண்டலின் எனக்கு ரொம்பப் பிடிக்கும்ணா. விட மனசே இல்ல."

மூத்தவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததை அவர் மறைத்துக்கொள்ளவும் இல்லை. இன்னும் இருட்டாத அந்தி வெளிச்சத்தில் அவர் முகம் மலர்ந்திருந்ததைச் சின்னவர் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க ராத்திரி பகலா உக்காந்து எழுதிக் குடுத்தீங்க. நான் அதைப் பாக்கக்கூட இல்ல. மன்னிச்சுக்கோங்கண்ணா."

"பரவாயில்ல" என்றார் மூத்தவர். மலர்ந்த முகம் சுண்டியது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அந்த ஃபாரத்துல கேட்டிருக்காங்களாமே, படிக்க வருமான்னு?"

கேட்டிருந்தார்கள். படிவத்தின் கடைசிக் கேள்வி. பதிவு நாளில் நேரத்துக்கு ஏற்ப உருப்படிகள் சுருக்கப்படலாம். மாற்றங்கள் அப்போதே எழுத்தில் தரப்படும். தனியாக வாசிப்பவர் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கக்கூடியவரா?

"ஆமான்னு போட்டுடுங்கண்ணா. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். உங்க கால்ல விழறேன்."

"பாப்போம்" என்றார் மூத்தவர்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். முதலில் கோப்பைத் திறந்து, நான்காக மடித்த தாளைக் கிழித்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினார். பிறகு படிவத்தை எடுத்தார்.

ஆம் என்று போடலாம். கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. பதிவு நாளன்று, கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாற்றிய தாளை ஸ்டாண்டில் வைப்பார்கள். சின்னவர் அதைப் பார்த்து விழிப்பார். அக்கா திரும்பி, "செக்ரெட்டரி சார், நீங்களே வாசிச்சுடுங்க" என்பார். மூத்தவர் அந்தக் காட்சியை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை பார்த்தார். இனித்தது. இன்னொரு முறை பார்த்தார். இந்தத் தடவை சின்னவர் கால் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதுகூடத் தெரிந்தது. இனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை.

இல்லை என்று போடலாம். அது உண்மையும்கூட. வேறு ஆளை அனுப்புங்கள் என்று வானொலிக்காரர்கள் எழுதுவார்கள். வேறு ஆள் யார்? ஊருக்கே தெரியும்.

எப்படிப் போட்டாலும் நடுப்பாட்டு தன்னிடமே வந்து சேரும். அவர் பேனாவை மூடி வைத்தார். சன்னலை மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்றாள் மனைவி.

"நீ போய் வேலையைப் பாரு."

அவள் போன பிறகு உட்கார்ந்து, படிவத்தோடு இணைக்க ஒரு தனிக்கடிதம் எழுதினார். தனியாக வாசிப்பவர் எங்கள் பணிமனை எலெக்ட்ரீஷியன். வாத்தியம் ஆல்டோ சாக்ஸபோன். அவர் குறிப்பைப் பார்த்து வாசிப்பவர் அல்லர், காதால் கேட்டு வாசிப்பவர். மாற்றங்கள் ஏதும் இருப்பின் முதல் கிளாரினெட்டாகிய என்னிடம் தர வேண்டுகிறேன். நான் அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினால் போதும், அப்படியே வாசித்துவிடுவார். அவரைப் போன்ற காது எங்கள் குழுவில் வேறு எவருக்கும் இல்லை. இப்படிக்கு, செயலாளர்.

கடைசி வாக்கியத்தை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தாடை வலித்தது.

கடிதத்தோடு மாடிப்படி ஏறினார். சின்னவர் கதவைத் திறந்தார், உள்ளே அவர் மனைவி சலவை மடித்துக்கொண்டிருந்தாள். படியில் நின்றபடியே மூத்தவர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். 'அல்லர்' என்ற இடத்தில் சின்னவரின் தோள் இறங்கியது.

"டைம் ஆபீஸ் அக்காவுக்குத் தெரிஞ்சிடுமே அண்ணா."

"தெரியட்டும். ஆமான்னு போட்டா உன் மானம் போகும். இதுல போகாது." பதினான்கு மாதத்தில் முதல்முறையாக நீ என்று சொல்லியிருந்தார், சொன்ன பிறகுதான் தெரிந்தது. "கேட்டு வாசிக்கறது குத்தமா என்ன? சுருக்கினா சுருக்கட்டும். நான் பக்கத்துல இருப்பேன்."

சின்னவர் வெகுநேரம் கதவின் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சரிண்ணா" என்றார். அப்புறம், உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"ரெண்டு தடவை எதுக்குண்ணா?"

"எது?"

"ரெண்டு முறை வாசிச்சுக் காட்டினா போதும்னு போட்டிருக்கீங்களே. ஒரு தடவை கேட்டா வந்துடுமே."

மூத்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மேல்வயிற்றில் அதே இடம் எரிந்தது. இதில் கர்வம் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். ஒரு சொட்டுக்கூட இல்லை. மழை பெய்தால் நனையுமே என்பது மாதிரி சொன்னான் படுபாவி.

"மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அடித்தல் திருத்தலோடு ஒரு கடிதத்தை அவர் வாழ்நாளில் அனுப்பியதில்லை. புதுத்தாள் எடுத்து, தேதியிலிருந்து தொடங்கி முழுவதையும் மறுபடி எழுதினார். 'ஒருமுறை' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. இரண்டு என்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வானொலிக்காரர்களுக்குத் தெரியவா போகிறது? அந்த ஒரு எண்ணிக்கையாவது தனக்கு மிஞ்சக் கூடாதா? ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். மாடியில் சாக்ஸபோன் இல்லை; யாரும் வாசிக்கவில்லை. ஒருமுறை என்று எழுதி, அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன், படிவத்தையும் கடிதத்தையும் மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார். தெருமுனைத் தபால் பெட்டியில் காலை எட்டே காலுக்குக் கடிதம் எடுப்பார்கள். எட்டு பத்துக்குப் போய்விட்டார். உறை பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க, விரல் அதை விடாமல் சற்று நேரம் பிடித்திருந்தது. பின்னால் ஒரு பெண்மணி, கையில் இரண்டு கடிதத்தோடு, "போடறீங்களா, இல்ல நான் போடவா?" என்று கேட்டாள்.

போட்டார்.